மூன்றாவது சரணத்தில் ஒரு பொய்

தம்பி,

சாப்பாட்டு மேஜையில் நீ வைத்துவிட்டுப் போன சீடியை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறு தடவை கேட்டுவிட்டேன். உறை மேல் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாய்: "அப்பா, கேட்டுட்டுச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ட்ரெய்ன்." பாட்டு நன்றாக இருக்கிறது. நீ இதுவரை செய்ததில் இதுதான் நல்லது. ஆனால் மூன்றாவது சரணத்தில் ஒரு பொய் இருக்கிறது. "எல்லாரும் சைன் போட்டான், எங்கப்பா போடல, எல்லாரும் டோர் மூடினான், எங்கப்பா மூடல" என்று பாடுகிறாயே, அந்த இடம். 'எல்லாரும் போட்டாங்க' என்றுதான் வர வேண்டும். அது தில்லியில் பிறந்த உன் தமிழ், அதில் எனக்குக் குறை இல்லை. நான் சொல்வது இலக்கணத்தை அல்ல. அந்தச் சரணத்தை நீ நாகாலாந்தில் திமாப்பூருக்குப் போய், அப்போது நம் மேல் வீட்டில் இருந்த கெவி அங்கிளைத் தேடிப் பிடித்து, அவர் முன்னாலேயே பாடப் போகிறாய். அதற்கு முன் உனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

நேரில் சொல்லத்தான் பார்த்தேன். நீ பல் தேய்க்கும்போது பின்னால் வந்து நின்றேன். ஷூ போடும்போது வந்து நின்றேன். "என்னப்பா?" என்றாய். "ஒண்ணுமில்லல" என்றேன். ஆபீஸ் யூனியன் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் மந்திரியிலிருந்து மின்சார இலாகா வரை கிழிக்கிறவன் நான். வீட்டில் ஒரு வாக்கியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரம் ஆகும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி. இதன் நகல் ஒன்றை நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுத்துவிட்டேன். அங்கே இருக்கிறவர்களும் படிக்க வேண்டிய விஷயம் இது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நீ பாட்டுச் செய்கிற விதத்தை நாலு வருஷமாகப் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்காத மாதிரி. நேரு பிளேஸில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். குளிருக்குப் போர்த்துகிற ரஜாய் அடுக்கும் மர அலமாரிக்குள் மைக். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க அந்த ரஜாய்களுக்கு நடுவில் தலையை நுழைத்து நீ பாடுவாய். போன ஜூன் மாதம் ஒரு மத்தியானம் கூலரை அணைக்கச் சொன்னாய், அதன் இரைச்சல் பாட்டில் விழுகிறது என்று. நாற்பத்து நாலு டிகிரி வெயிலில் நானும் அம்மாவும் வேர்த்து வழிந்துகொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தோம். அம்மா தாங்க முடியாமல் இந்திப் பேப்பரை எடுத்து விசிற ஆரம்பித்தாள். அந்தச் சரக் சரக் சத்தமும் பதிவாகிவிட்டது. நீ கோபப்படுவாய் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். நீ அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, "அம்மா, இன்னொரு தடவை விசிறுங்க, ஆனா கொஞ்சம் ஸ்லோவா" என்றாய். இந்தப் பாட்டு முழுக்கத் தாளமாக ஓடுவது அந்தப் பேப்பர்தான் என்று ஆறாவது தடவை கேட்கும்போதுதான் கண்டுபிடித்தேன்.

அப்புறம் அந்தப் பேஞ்சோ. கன்ட்ரி என்கிற அமெரிக்கப் பாட்டுக்குப் பேஞ்சோ வேண்டும் என்று ஜும்மா மசூதி பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினாய். கடைக்காரர் கல்யாணக் கோஷ்டிகள் வாசிக்கிற புல்புல் தரங்கை எடுத்து நீட்டினார், டைப்ரைட்டர் மாதிரி வரிசையாகக் கட்டை வைத்தது. தில்லிக் கடையில் பேஞ்சோ என்றால் அதுதான். நீ அழாத குறையாக வீட்டுக்கு வந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏலே, இதுல லீவு லெட்டர் அடிக்கலாமா?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருஷம் டைப் அடித்தவன் வேறு எப்படிச் சிரிப்பான். நாலு நாள் கழித்து அதையே கிதாருக்கு அடியில் ஓட விட்டாய். எங்கேயோ தூரத்தில் கூட்ஸ் ரயில் போகிற மாதிரி இருந்தது. அதன் மேல் இந்தியும் தமிழும் கலந்து நீ மூச்சு விடாமல் பேசுகிற ராப். இரண்டும் ஒட்டாது என்று நினைத்தேன், ஒட்டியது. லாஜ்பத் நகரில் ஒரு கேசட் கம்பெனிக்காரன், "கிதாரை எடு, இல்ல மத்ராசியை எடு. ரெண்டும் இருந்தா எந்த ரேக்குல வைக்கிறது?" என்று உன்னைத் திருப்பி அனுப்பினானே, அன்றைக்கு நான் அவன் பக்கம் பேசினேன். "அவன் சொல்லுததுலயும் நியாயம் இருக்குல்ல" என்றேன். அது தப்பு. ரேக்குக்கு ஏற்ற மாதிரி ஆளை வெட்டச் சொல்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கினேன். நீ உள்ளே போய் நீயே சீடி போட ஆரம்பித்தாய், மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி. அதற்கு முதலில் மன்னிப்பு. பெரியது இனிமேல்தான்.

கெவி அங்கிள் கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நமக்கு மேல் வீட்டுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. கீழே வர்மா, முதல் மாடியில் நாம், இரண்டாம் மாடியில் அவர்கள். நாகாலாந்துக்காரர், என்னைப் போலவே குமாஸ்தா, வேறு அமைச்சகம். ஒரு சனிக்கிழமை படியில் என்னை நிறுத்தி, "அண்ணா, ஷாம் கோ ஆ ஜாஓ. கன்ட்ரி ஹை மேரே பாஸ், அச்சா வாலா" என்றார். சாயங்காலம் வா, என்னிடம் நல்ல கன்ட்ரி இருக்கிறது என்று. நான் வீட்டுக்குள் வந்து அம்மாவிடம், "ஏட்டி, அந்தாளு நாட்டுச் சரக்கு வச்சிருக்காராம். குடிக்கக் கூப்பிடுதாரு" என்றேன். "போனீங்கன்னா அங்கயே படுத்துக்கிடுங்க" என்றாள். இருந்தும் போனேன். எதற்காகப் போனேன் என்பதை நீயே ஊகித்துக்கொள். அங்கே பால் இல்லாத டீயும் ஒரு கன்ட்ரி பாட்டுக் கேசட்டும் கிதாரும்தான் இருந்தன. நீ என் பின்னாலேயே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தவன், மூன்று வருஷம் எழுந்திருக்கவில்லை.

அவர் பாடியதெல்லாம் லாரி ஓட்டுகிறவன், ஜெயிலுக்குப் போனவன், குடித்துக் குடித்துக் குடும்பத்தை விட்டவன் பாட்டு. அவர் அர்த்தம் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லாப் பாட்டிலும் பாடுகிறவனே அயோக்கியனாக இருக்கிறானே என்று கேட்டேன். "வஹீ தோ கன்ட்ரி ஹை, அண்ணா" என்று சிரித்தார். அதுதான் கன்ட்ரியாம். தப்புச் செய்தவன்தான் பாடுவான், செய்யாதவன் சும்மா ஆபீஸுக்குப் போய்விட்டு வருவான் என்று தன் உடைந்த இந்தியில் என் உடைந்த இந்திக்குச் சொன்னார். நீ அப்போது கிதாரில் விரலை அழுத்தத் தெரியாமல் அழுத்திக்கொண்டிருந்தாய். இது உன் காதில் விழுந்திருக்காது.

இப்போது வேறு ஒன்று சொல்ல வேண்டும். நான் தில்லிக்கு வந்த புதிதில் முனிர்காவில் ஓர் அறைக்காக அலைந்தேன். வீட்டுக்காரர், "நான்வெஜ் தோ நஹீ காதே?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "அரே, மத்ராசி ஹோ! மத்ராசி தோ ஸப் வெஜிடேரியன்" என்று முடித்துவிட்டார். தூத்துக்குடியில் மீன் இல்லாத சோற்றைச் சோறு என்று சொல்லாத வீட்டில் வளர்ந்தவன் நான். தலையாட்டினேன். அறை கிடைத்தது. பிறகு ஆபீஸில் நம்ம ஊர் ஆபீசர் ஒருவர், சங்கத்துக்கும் பெரிய மனிதர், என்னைக் கூப்பிட்டு ஊர், தெரு எல்லாம் விசாரித்துவிட்டு, "சைவந்தானே?" என்றார். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சாப்பாட்டைக் கேட்பார்கள். எனக்கு அது தெரியும். கோபமும் வந்தது. ஆனாலும் "ஆமா சார்" என்றேன். முதல் பொய் அறைக்காக, இரண்டாவது பொய் மரியாதைக்காக. சங்க விழாக்களில் அவர்கள் வீட்டுப் பெண்கள் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்தப் பொய்யின் தயவில்தான். இதைப் படிக்கிற சிலருக்கு இப்போது குமட்டும். குமட்டட்டும்.

உன் மாமா வருஷத்துக்கு இரண்டு தடவை தகர டப்பாவில் நெத்திலிக் கருவாடு அனுப்புவான். பால்கனிக் கதவைச் சாத்தி, வாசல் கதவுக்கு அடியில் ஈரத்துண்டைத் திணித்து, ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டுத்தான் அம்மா வறுப்பாள். சொந்த வீட்டில் திருடன் மாதிரி சாப்பிட்டோம். சமையலறையில் புகை போகிற ஓட்டை மாடிப்படிப் பக்கம் திறந்திருந்தது எங்கள் புத்தியில் படவில்லை. வாடை நம் வீட்டு வாசலில் நிற்காது, படியேறி மேல் வீட்டு வாசலில் போய் நிற்கும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போகிற வர்மா அங்கேதான் மூக்கைப் பிடித்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல் வீட்டுக்காரர் மேல் புகார் எழுதிய காகிதத்தோடு வர்மா வந்தார். நீ கணக்கு டியூஷனுக்குப் போயிருந்தாய். "பாயி சாஹப், யே லோக் பதா நஹீ க்யா ஸடா ஹுவா பகாதே ஹைங்" என்று ஆரம்பித்து, நீ உன் பாட்டில் எழுதியிருக்கிறாயே, அவர்கள் முகத்தை வைத்துச் சொல்கிற அந்த வசவு, அதையும் சேர்த்துச் சொன்னார். அழுகிப் போனதை எல்லாம் சமைக்கிறார்களாம். "ஆப் தோ ஷுத்த் வெஜிடேரியன். ஆப்கோ தோ உல்டீ ஆதீ ஹோகீ." எனக்கு வாந்தியே வருமாம். உள்ளே அடுப்பில் சட்டி இன்னும் சூடாக இருந்தது. அம்மா கரண்டியோடு சமையலறைக் கதவில் நின்றாள். அந்த மாதம் கெவியின் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அவர் முட்டையும் பிரெட்டும் தின்றுகொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். வாடை முழுக்க நம்முடையது. நான் சொன்னது, "ஹாங் ஜி, பஹுத் தக்லீஃப் ஹை." ஆமாம், ரொம்பத் தொந்தரவு என்று.

பேனாவை நீட்டினார். தில்லியில் இத்தனை வருஷத்தில் நான் எதிலும் இந்தியில் கையெழுத்துப் போட்டதில்லை. சம்பளப் பட்டியலிலிருந்து ரேஷன் கார்டு வரை தமிழ்தான். அதற்காக ஆபீஸில் சண்டை போட்டிருக்கிறேன், சங்கத்தில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் காகிதத்திலும் தமிழில்தான் போட்டேன், நிறுத்தி, அழகாக. வர்மா நம் எழுத்தின் சுழிகளைப் பார்த்துவிட்டு, "அரே வாஹ், ஜலேபி!" என்று சிரித்தார். அந்தக் கேலிக்கு எனக்குக் கோபம் வந்தது. நினைத்துப் பார். மேல் வீட்டுக்காரரைத் துரத்துகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, என் எழுத்தை ஜலேபி என்கிறானே என்று ரோஷப்பட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது என்று பிறகு அம்மாவிடம் சாதித்தேன். அதுவும் பொய். 'துர்கந்த்', அதாவது நாற்றம், என்ற வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

வர்மா போனதும் அம்மா சொன்னாள், "இப்பமே பின்னாலயே போயிச் சொல்லிருங்க. நம்ம வீட்டு வாடைன்னு சொன்னா தலையவா வெட்டிருவான்?"

"சும்மா கெட. சங்கம் வரைக்கும் போயிரும்."

"போனா போவுது. அந்த மனுசன் நம்ம புள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்காரு."

நான் போகவில்லை. அடுத்த ஞாயிறு நான்கு பேர் மேலே ஏறினார்கள். கெவி கதவைத் திறந்தார். காலனி அசோசியேஷன் என்று சொல்லி, அந்தக் காகிதத்தின் நகலை அவர் கையில் கொடுத்துவிட்டு, நேராகச் சமையலறைக்குள் போய் அவர் பாத்திரங்களைத் திறந்து திறந்து மோந்து பார்த்தார்கள். நான் படியில் நின்றேன், கூட்டத்தில் ஒருவனாக. அவர் ஒரு மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தப் பாத்திரத்துக்கு உரியது என்று மறந்து போனவர் மாதிரி. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவர்களுக்கு இன்னும் ஆத்திரம். மொட்டை மாடியில் அவர் வீட்டுக் குழாயின் வால்வைத் தினமும் யாரோ மூடினார்கள். நீ பாட்டில் சொல்கிற மாதிரி பேச்சும் நின்றது. இரண்டு மாதத்தில் வீடு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். டெம்போவில் சாமான் ஏற்றிய நாள் நான் கட்டிலைத் தூக்க உதவினேன். உனக்கு அதுதான் ஞாபகம் இருக்கிறது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அண்ணா, உஸ் காகஸ் மேங் ஆப்கா ஸைன் ஸப் ஸே ஸுந்தர் தா" என்றார். அந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்துத்தான் எல்லாவற்றிலும் அழகு. கேலி இல்லை. கோபம் கூட இல்லை. பிறகு உன் தலையில் கை வைத்து, தினமும் அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். அதற்கப்புறமும் இரண்டு மாதம் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அன்று மாலை நீ கேட்டாய். "யாருப்பா சைன் போட்டா?"

"கீழ் வீட்டுக்காரன்தான். அவன் ஆளுங்க."

"நீங்க?"

"நான் எப்படில போடுவேன்?"

இந்தப் பதிலிலிருந்துதான் உன் மூன்றாவது சரணம் பிறந்திருக்கிறது. பதினொரு வருஷம் நீ அதை நம்பி, அதற்கு மெட்டுப் போட்டிருக்கிறாய். அம்மா அதற்கப்புறம் மாமாவிடம் கருவாடு கேட்டதே இல்லை. அவளுக்குப் பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

பாட்டைக் கிழித்துப் போடு என்று சொல்லவில்லை. என்னை விட்டுவிட்டு வர்மாவை மட்டும் வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. உன் வேலையில் நான் தலையிடுவது இதுதான் முதல் தடவை, இதோடு சரி. கெவியிடமிருந்து நீ கன்ட்ரியின் மெட்டை எடுத்துக்கொண்டாய், நடையை எடுத்துக்கொண்டாய். கீழ் வீட்டுப் பையனின் கேசட்டிலிருந்து ராப்பின் கோபத்தை எடுத்துக்கொண்டாய். ராப்பில் பாடுகிறவன் பக்கம் எப்போதும் நியாயம் இருக்கிறது. கன்ட்ரியில் அது இல்லை, அங்கே பாடுகிறவன்தான் தப்புச் செய்தவன். உன் பாட்டில் கோபம் வேண்டிய அளவு இருக்கிறது. தப்புச் செய்தவன் மட்டும் வேறு வீட்டில் இருக்கிறான். அவனை நம் வீட்டுக்குள் கொண்டு வா. 'போடல' என்பதை எடுத்துவிட்டால் எதுகை உதைக்கும். உதைத்தால் பேப்பர் சத்தத்தையே தாளமாக்கின உனக்குச் சரி செய்யத் தெரியும். வர்மாவையும் விடாதே. பாத்திரத்தைத் திறந்த கைகளை விடாதே. ஆனால் அந்தப் பட்டியலில் என்னையும் சேர்.

இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன். என்னை நியாயப்படுத்தி மட்டும் எழுதாதே. புதிய ஊர், சின்ன வேலை, பயம் என்றெல்லாம் உனக்குத் தோன்றும், நீ அம்மா மாதிரி இளகிய ஆள். அதெல்லாம் கெவிக்கும் இருந்தது. அவர் யார் வீட்டுக்கும் எதிராகக் கையெழுத்துப் போடவில்லை.

உன் ரயிலிலேயே நானும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் இறங்கிக்கொள்கிறேன், வேறொரு நாள் தனியாகப் போவேன். போவது நிச்சயம். இன்று லீவு கேட்க எங்கள் இந்திக்கார ஆபீசர் அறைக்குப் போனேன். யாரைப் பார்க்க அவ்வளவு தூரம் என்று கேட்டார். மேல் வீட்டுக்காரரை என்று சொல்ல நினைத்து, தமிழை அப்படியே இந்தியாக்கி, "ஊபர்வாலே ஸே மில்னா ஹை, ஸார்" என்றேன். இந்தியில் ஊபர்வாலா என்றால் கடவுள் என்பது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் உறைத்தது. அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். "அரே, இத்னீ ஜல்தி?" என்றார் அவர், இவ்வளவு சீக்கிரமாகவா என்று.

"நஹீ ஸார்," என்றேன், "பஹுத் லேட் ஹோ கயா."

அப்பா